வேலுத்தாய் பொய்யை விட்ட கதை

வேலுத்தாய் வாயைத் திறந்தால் பாதி பொய் என்பது கவுஞ்சி மலை ஊருக்கே தெரிந்த சங்கதி. அதற்காக அவளை யாரும் வெறுத்ததில்லை. வெறுக்கும்படியான பொய் ஒன்றுகூட அவள் சொன்னதில்லை. வயிறு ஒட்டிக் கிடக்கும், "சாப்பிட்டாச்சு தாயி" என்பாள். பூண்டு பிடுங்க வந்த பெண்கள் சாரலில் நனைந்து விரல் மரத்துப்போய் நிற்கும்போது, "அந்தா அடுப்புல வரக்காப்பி கொதிச்சுக்கிட்டுக் கெடக்கு, இந்த ஒரு பாத்திய வெரசா முடிச்சிருங்க" என்பாள். அடுப்பில் விறகே வைத்திருக்க மாட்டாள். அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தே பாத்தியை முடிப்பார்கள். பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் கொடுத்தனுப்பும் குழம்பை நாய்க்கு ஊற்றிவிட்டு, "அமிர்தம்டி கருப்பம்மா, கையெல்லாம் மணக்குது" என்று கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பாள்.

அவள் புருஷன் பழனிமுத்து நேர் எதிர். பொய் என்ற ஒன்று அவன் நாக்கில் ஏறவே ஏறாது. வத்தலக்குண்டிலிருந்து பூண்டு வாங்க வரும் வியாபாரி, "ஈரம் இருக்கா?" என்று ஒப்புக்குக் கேட்டால், "இருக்கு, இன்னும் நாலு நாள் காயணும்" என்று சொல்லி, குதிரையில் ஏற்றிய பொதியைத் தானே இறக்கி வைப்பான். ஊர் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டது. கும்பிட்டவர்கள் யாரும் அவனோடு குடித்தனம் நடத்தவில்லை, அவ்வளவுதான். அவனுடைய ஆத்தா மார்கழிப் பனியில் சளி கட்டிக் கிடந்தபோது, "பொழச்சுக்குவேனாடா முத்து?" என்று கேட்டாள். "மாட்டே ஆத்தா" என்றான். வேலுத்தாய் அவனை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, "தை பொறந்ததும் எந்திரிச்சு வெயில் காயப் போறீங்க அத்தை, இவரு கெடக்காரு" என்றாள். கிழவி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கண்ணை மூடினாள்.

அதற்குப் பிறகு அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டார்கள். பத்திரம், காகிதம் என்று ஒன்றும் கிடையாது. ஊர் முன்னால் வாய்ச்சொல்தான். மேலக்காடு தம்பி செல்லப்பாண்டிக்கு, ஓடைக்காடு பழனிமுத்துவுக்கு. இரண்டுக்கும் நடுவே, பேரி மரத்தடியில், எல்லைக்கு அத்துக்கல்லை அண்ணனும் தம்பியுமே போய் நட்டார்கள். மரத்துக்குச் சற்றுக் கீழே ஓர் ஊற்று இருந்தது. பங்குனி வெயிலிலும் வற்றாது. அது பழனிமுத்துவின் பக்கம் விழுந்தது. பூண்டு போடுகிறவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஐம்பத்தெட்டாம் வருஷம், வைகாசி. அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய விதைப்பூண்டை இறக்கி, பல் பல்லாக உதிர்த்து, கூடையில் வைத்துக்கொண்டு இருவரும் வெள்ளனே காட்டுக்குப் போனார்கள். மேகமூட்டம் ஆளை ஆள் மறைத்தது. ஓடை திரும்புகிற இடத்தில் மூட்டம் கொஞ்சம் விலகியது. பேரி மரத்தடியில் ஓர் ஆள் கடப்பாரையால் நெம்பி அத்துக்கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தான். செல்லப்பாண்டிதான். தலையில் கட்டிய சிவப்புத் துண்டு வேலுத்தாய்க்குத் தெளிவாகத் தெரிந்தது. ஊற்றுக்கும் கீழே உருட்டிக்கொண்டு போகிறான்.

அவள் புருஷனின் கம்பளியைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, அங்க பாருங்க! ஒங்க தம்பி கல்லப் பெரட்டுறாரு, பாருங்க!"

பழனிமுத்து பார்க்கவில்லை. அவள் கை நீட்டிய பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, கம்பளியை இழுத்துத் தலையில் போட்டான். "குளிருது புள்ள, மம்பட்டிய வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்" என்று சொல்லி வந்த வழியே இறங்கினான். மம்பட்டியை வீட்டில் விட்டது உண்மைதான். குளிர்ந்ததும் உண்மைதான்.

அன்றைக்கு மத்தியானம் ஊர் மந்தையில் பஞ்சாயத்து கூடியது. ஊர்ப் பெரியதனக்காரர் திருமலைச்சாமி கல்லில் உட்கார்ந்திருந்தார். வேலுத்தாய் காலையில் வீட்டுக்கு வந்ததிலிருந்து அழுதுகொண்டே இருந்தவள், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

"கல்லு நட்ட எடத்துலதான் இருக்கு. மதினிக்குக் கனவு எதும் வந்துருக்கும்" என்றான் செல்லப்பாண்டி.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன் சாமி" என்றாள் வேலுத்தாய் பெரியவரிடம். "கடப்பாரையப் போட்டு நெம்புனாரு. ஊத்துக்குக் கீழ கொண்டாந்து நட்டுட்டாரு."

செல்லப்பாண்டி சிரித்தான். சண்டை போடாமல் சிரிக்கிறவனிடம்தான் பயப்பட வேண்டும். அண்ணன் பெண்டாட்டியின் குணத்தை அவன் அளந்து வைத்திருந்தான். நெருங்கி வந்து அக்கறையாகக் கேட்டான். "அது கெடக்கட்டும் மதினி. மொகமெல்லாம் வாடிப்போயிருக்கே, காலையில சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு கொழுந்தனாரே" என்றாள் அவள்.

பழக்கம். கேட்டவுடன் வாய் தானாகச் சொல்லிவிட்டது. செல்லப்பாண்டி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். "ஏக்கா கருப்பம்மா, எங்க மதினி வீட்டுல இன்னைக்கு அடுப்பு எரிஞ்சுச்சா?"

கருப்பம்மாள் ஒரு வெள்ளந்தி. "எங்க எரிஞ்சுச்சு? காலையில நெருப்பு வாங்கப் போனேன், சாம்பலாத்தான் கெடந்துச்சு" என்றாள்.

"பாத்துக்கங்க சாமி. சோறு தின்னதுலயே பொய்யி. பெரியவங்க மூஞ்சிக்கு முன்னாலயே பொய்யி. இவங்க கண்ணால பாத்தாங்களாம், நான் கல்லப் பெரட்டுனேனாம்."

மந்தை சிரித்தது. அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம்கூட இல்லை. அவளுடைய காப்பிப் பொய்யையும் குழம்புப் பொய்யையும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துவிட்டு, குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரிச் சிரித்தார்கள். வேலுத்தாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது.

திருமலைச்சாமியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பழனிமுத்துவைக் கேட்டார். "ஏம்ப்பா முத்து, நீ பொய் சொல்ல மாட்டே. ஒன் தம்பி கல்லப் பெரட்டுனத நீ பாத்தியா?"

"பாக்கலீங்க" என்றான் பழனிமுத்து.

கல் முதலில் எங்கே நட்டது என்று யாரும் கேட்கவில்லை, கேட்காததை அவனும் சொல்லவில்லை. வழக்கு முடிந்தது. ஊற்று போய்விட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு வேலுத்தாய் அழவில்லை. புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் முதுகைத் திருப்பியது அவளுக்குத் தெரியும். ஏன் திருப்பினான் என்பதும் தெரியும். நாலு சுவருக்குள் கேட்டால் அவன் உள்ளதைச் சொல்லிவிடுவான், சொன்னதோடு பாரம் இறங்கித் தூங்கியும் விடுவான். அப்படி இறக்கிவிட அவளுக்கு மனமில்லை. எந்த ஊர் முன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்கினானோ அந்த ஊர் முன்னால்தான் அதைக் கேட்க வேண்டும். அதுவரை அந்தக் கேள்வி விதைப்பூண்டு மாதிரி அடுப்புப் புகையில் தொங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்றோடு பொய்யை விட்டாள்.

முதலில் அகப்பட்டவள் கருப்பம்மாள். கிண்ணத்தைத் திருப்பி வாங்க வந்தவள், "எப்படிக்கா இருந்துச்சு?" என்று பல்லைக் காட்டினாள்.

"உப்பு கூட. புளி பத்தலை. அடிப்பிடிச்ச வாசம் வேற. நாய்க்கு வச்சேன், அதுவும் மோந்து பாத்துட்டுப் போயிருச்சு."

கருப்பம்மாள் மூன்று மாதம் பேசவில்லை. பிள்ளை பெற்று முதன்முதலாகக் கொண்டுவந்து காட்டிய இன்னொருத்தியிடம் வேலுத்தாய், "தல ஒரு பக்கம் சப்பையா இருக்கு, திருப்பித் திருப்பிப் படுக்க வையி" என்றாள். பூண்டு பிடுங்க வந்த பெண்களிடம், "அடுப்பு பத்தவைக்கலை. எப்பப் பத்தவைப்பேன்னும் தெரியாது" என்றாள். பாத்தி பாதியில் நின்றது. 'இவ பொய்க்காரியா இருந்தப்பவே தேவலை' என்று ஊர் முணுமுணுத்தது.

வீட்டில் அதைவிடக் கொடுமை. காட்டிலிருந்து வந்த பழனிமுத்து, "காப்பி இருக்கா புள்ள?" என்று கேட்பான்.

"தூள் இருக்கு, கருப்பட்டி இருக்கு. போட்டுக் குடுக்க மனசில்ல."

"ஒடம்பு சொகமில்லையா?"

"ஒடம்பு நல்லாருக்கு. ஒங்களப் பாத்தா எரிச்சலா இருக்கு."

அவனுக்கு ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்ல வராது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு குத்தவைத்திருப்பான். இத்தனை வருஷம் அந்த வீடு வெதுவெதுப்பாக இருந்தது அடுப்பால் மட்டும் இல்லை என்று அவனுக்கு மெல்ல உறைத்திருக்க வேண்டும். உறைக்கட்டும் என்றுதான் அவளும் இருந்தாள்.

ஊற்று இல்லாத காடு என்ன காடு? கீழ் ஓடையிலிருந்து குடத்தில் தண்ணீர் மோந்து, படிப்படியாக ஏறி வந்து பாத்திக்கு ஊற்றினார்கள். வேலுத்தாய்க்கு இடுப்பு கழன்றது. மேலே செல்லப்பாண்டியின் பூண்டு முழங்கால் உயரத்துக்குக் கருகருவென்று நின்றது. ஊற்று சலசலக்கிற சத்தம் அவளுக்குக் கேட்கும். கேட்கும்போதெல்லாம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அந்த அத்துக்கல்லை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மறுபடி தூக்குவாள்.

ஆனால் ஊர் என்பது வேடிக்கையான பிராணி. ஒரு வருஷம் திட்டியது. அடுத்த வருஷம் அவளைத் தேடி வர ஆரம்பித்தது. மாடு வாங்க வந்த அசலூர்க்காரன், "இது முட்டுமா?" என்று அவளைக் கேட்டான். வத்தலக்குண்டு வியாபாரி யார் வீட்டுப் பூண்டு பழசு, யார் வீட்டுப் பூண்டு புதுசு என்று அவளைத்தான் கேட்டான். மனசு நோகும்படி சொன்னாலும் மாற்றிச் சொல்ல மாட்டாள் என்று பேச்சு பரவியது. கருப்பம்மாளே குழம்பில் உப்புப் பார்க்க அவளைக் கூப்பிடும் நிலைக்கு வந்தாள். உண்மையைச் சொன்னால், குழம்பும் தேறியிருந்தது.

அறுபத்தொன்றாம் வருஷம் ஆவணியில் செல்லப்பாண்டியின் மகள் அன்னக்கொடியைப் பெண் கேட்டு வடகவுஞ்சியிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. நல்ல இடம். மாப்பிள்ளை வீட்டில் காடும் மாடும் உண்டு, ஒரே பையன்.

அந்த மலை ஊர்களில் ஒரு முறை இருந்தது. பெண் கேட்டு வருகிறவர்கள் நேராகப் பெண் வீட்டுக்குப் போக மாட்டார்கள். அதே தெருவில் வேறொரு வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பார்கள். எந்த வீடு என்பது அவர்கள் இஷ்டம். செம்பைக் கையில் வாங்கிக்கொண்டு, பெண்ணைப் பற்றியும் பெற்றவர்களைப் பற்றியும் விசாரிப்பார்கள். மனசுக்குத் திருப்தியானால் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பெண் வீட்டுக்குள் நுழைவார்கள். இல்லாவிட்டால் வாசலில் கொட்டிவிட்டு வந்த வழியே போய்விடுவார்கள். அப்படிக் கொட்டிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அப்புறம் வரன் வருவது கஷ்டம்.

வருகிறவர்கள் எந்த வீட்டில் உட்காருவார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலமே செல்லப்பாண்டி வந்து நின்றான். வேலுத்தாய் பிடுங்கிய பூண்டைத் தாளோடு சேர்த்துக் கட்டுக் கட்டாகப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"மதினி, நாளைக்கு வர்றாங்க."

"தெரியும்."

"பழச மனசுல வச்சுக்கிறாதீங்க. ஒங்க வீட்டுப் புள்ள மாதிரிதான அன்னக்கொடி? முன்ன மாதிரி இனிப்பா ரெண்டு வார்த்த சொன்னாப் போதும்."

"முன்ன மாதிரின்னா எது மாதிரி கொழுந்தனாரே? மந்தையில வச்சு என்னயப் பொய்க்காரின்னு சொன்னீங்களே, அது மாதிரியா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "கல்லத்தான கேக்குறீங்க? ராத்திரியோட ராத்திரியா பழைய எடத்துலயே நட்டுர்றேன். யாருக்கும் தெரிய வேணாம். ஊத்து ஒங்களுக்கே. சரிதான?"

அவள் பின்னிய கட்டை இழுத்து முறுக்கினாள். ஊற்று. மூன்று வருஷம் இடுப்பு ஒடியக் குடம் சுமந்ததெல்லாம் கண்முன் வந்தது. வாய்வரை வந்த 'சரி'யை விழுங்கிவிட்டாள்.

"யாருக்கும் தெரியாம எடுத்த கல்ல யாருக்கும் தெரியாம வச்சுட்டா, எடுக்கவே இல்லைன்னு ஆயிரும். அப்ப நான் பொய்க்காரியாவேதான் சாகணும். கல்லு அங்கயே கெடக்கட்டும். போயி ஒங்க சோலியப் பாருங்க."

அவன் போன பிறகு அன்னக்கொடி வந்தாள். மடியில் கீரை பறித்துக்கொண்டு வந்திருந்தாள். சின்னப் பிள்ளையிலிருந்து பெரியம்மா வீட்டில் பாதி நாள் தின்று வளர்ந்தவள்.

"என்னயப் பத்தி என்ன சொல்லுவீங்க பெரியம்மா?"

"உள்ளதச் சொல்லுவேன். ஒன்னப் பத்தி உள்ளது நல்லதுதான்."

"எங்கப்பாவப் பத்திக் கேட்டா?"

"அதுக்கும் உள்ளதுதான்."

பெண் கண் கலங்கி நின்றாள். கீரையை முறத்தில் கொட்டிவிட்டுப் போனாள். பாவம், இவள் என்ன செய்தாள் என்று வேலுத்தாய் நினைக்கத்தான் செய்தாள். நினைத்துவிட்டுக் கீரையை ஆய்ந்தாள். முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் சாரல் பூவாகத் தூவிக்கொண்டிருந்தது. வடகவுஞ்சிக்காரர்கள் ஆணும் பெண்ணுமாக நேரே வேலுத்தாய் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவள் மாப்பிள்ளையின் அத்தை காளியாயி. தம்பி மகனைத் தன் பிள்ளையாக வளர்த்தவள். தாட்டியான பொம்பளை, கண்ணைப் பார்த்தே பேசுகிறவள். தெருவில் ஊரே நின்றது. பெரியவர் திருமலைச்சாமியும் குடையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். செல்லப்பாண்டி தன் வாசலை விட்டு வரக் கூடாது என்பது முறை. அங்கேயே காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தான்.

வேலுத்தாய் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். காளியாயி வாங்கிக்கொண்டாள்.

"பொண்ணு எப்படித் தாயி?"

"நல்ல பொண்ணு. காட்டுல ஒரு வரிசை எடுத்தா அசராம வேல செய்வா. களி கிண்டினா கட்டி தட்டும். கோவம் வந்தா ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. மனசுல கள்ளம் கெடையாது."

காளியாயி தலையை ஆட்டினாள். முகத்தில் திருப்தி தெரிந்தது. "அப்பன் எப்படி?"

"களவாணி" என்றாள் வேலுத்தாய்.

செல்லப்பாண்டி நின்ற வாசலைக் கை காட்டினாள். "என் காட்டு அத்துக்கல்லப் பெரட்டி என் ஊத்தக் களவாண்டாரு. நான் பாத்தேன். ஊரு நம்பலை."

செல்லப்பாண்டி முறையை மறந்து ஓடி வந்தான். "பொய்யி! இவ பொய்க்காரின்னு மந்தையிலயே தீந்துபோன வழக்கு இது! பெரியவரு இருக்காரு, கேளுங்க!"

திருமலைச்சாமி குடைக்குள் தலையை இழுத்துக்கொண்டார்.

"பொய்க்காரியா? வர்ற வழியெல்லாம் இவ வாக்குத்தான் வாக்குன்னு சொன்னாங்களேப்பா" என்றாள் காளியாயி.

"எங்கண்ணன் இருக்கான், கேளுங்க! செத்தாலும் பொய் சொல்ல மாட்டான். நான் கல்லப் பெரட்டுனத அவன் பாத்தானான்னு கேளுங்க!"

பழனிமுத்து தூணோரம் குத்தவைத்திருந்தான். காளியாயி அவனைப் பார்த்தாள். "பாத்தியாப்பா?"

"பாக்கலை தாயி."

செல்லப்பாண்டிக்கு மூச்சு வந்தது. "கேட்டீங்களா? கேட்டுக்கிட்டீங்களா?" என்று கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். காளியாயியின் கையில் செம்பு அப்படியே இருந்தது.

வேலுத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மூன்று வருஷம் புகையில் தொங்கியதை அப்போதுதான் இறக்கினாள்.

"ஆத்தா, பாத்தியான்னு கேக்காதீங்க. ஏன் பாக்கலைன்னு கேளுங்க."

காளியாயி பழனிமுத்துவின் பக்கம் திரும்பினாள். "ஏன் பாக்கலை?"

பழனிமுத்து எழுந்து நின்றான். மற்றவனாக இருந்தால் மூட்டம் என்பான், கண் தெரியவில்லை என்பான். அவனுக்குத்தான் அது வராதே! பொய் சொல்லாதவன் என்று ஊர் கும்பிட்ட அத்தனை கும்பிடும் அவன் கழுத்தைப் பிடித்து நெரித்தது. வேலுத்தாய் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"அவ பாருங்கன்னு கைய நீட்டினா" என்றான். "கடப்பாரச் சத்தம் கேட்டுச்சு. பாத்துட்டா அப்புறம் கேக்குறவங்களுக்குச் சொல்ல வேண்டியதா இருக்கும். எந்தம்பி. அதான் திரும்பிக்கிட்டேன்."

யாரோ ஒரு பெண் "அடப்பாவி" என்றாள். கருப்பம்மாள்தான்.

காளியாயி செம்பைத் தூக்கிக் காட்டினாள். "இந்தாப்பா பொண்ணப் பெத்தவனே, தண்ணி என் கையில இருக்கு. பொண்ண எனக்குப் புடிச்சிருக்கு. கல்லு பழைய எடத்துக்குப் போகட்டும், ஊரு பாக்கட்டும். அப்புறம் குடிக்கிறேன். இல்லாட்டி இங்கயே ஊத்திட்டு நடையக் கட்டுறேன்."

செல்லப்பாண்டி கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனான். சாரலில் ஊரே பின்னால் போனது. காளியாயி செம்போடு நடந்தாள். அவன் ஒற்றை ஆளாக நெம்பினான். யாரும் கை கொடுக்கவில்லை. சேற்றில் சறுக்கி விழுந்து எழுந்தான். ஊற்றைத் தாண்டியதும் கல்லை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினான்.

"இன்னும் மேல" என்றாள் வேலுத்தாய். "பேரி மரத்தடி."

"மதினி, ஊத்துதான் வந்துருச்சுல்ல?"

"பேரி மரத்தடி."

உருட்டினான். பழைய குழியைத் தோண்டி நட்டு மண்ணை மிதித்தான். காளியாயி அந்தச் செம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்து முடித்து, வெறும் செம்பை வேலுத்தாயிடம் கொடுத்தாள். போகும்போது பழனிமுத்துவின் எதிரே நின்றாள்.

"பொய்யே சொல்லாத மனுசன்னு ஒன்னயச் சொன்னாங்க. அன்னைக்கு அவளுக்காக ஒரு பொய்யச் சொல்லியிருக்கலாம்ப்பா" என்றாள்.

பொழுது சாய்ந்தது. வேலுத்தாய் களி கிண்டி, பூண்டுக் குழம்பு வைத்து, புருஷனுக்கு வட்டிலில் போட்டாள். அவன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். தெருவழியே வரும்போது யாரும் அவனைக் கும்பிடவில்லை. களியில் கை வைக்காமல் கேட்டான்.

"இந்தா புள்ள. எம்மேல உள்ள கோவம் போயிருச்சா?"

வேலுத்தாய் அவனைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இருந்த அதே சிரிப்பு. "எனக்கென்னங்க கோவம்? அதெல்லாம் அன்னைக்கே போயிருச்சு. ஆறிப்போகுது, சாப்பிடுங்க" என்றாள். குரலில் கருப்பட்டிப் பாகு இறங்கியது.

அவன் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் கேட்காத குரல். ஒரு வாய் அள்ளியவன், பிரியமாகக் கேட்டான். "நீ சாப்பிட்டியா?"

"ஆச்சுங்க."

கை வாய்க்குப் போகாமல் நின்றது. பழனிமுத்து அடுப்பைப் பார்த்தான். சட்டியில் களி வழவழவென்று அப்படியே இருந்தது. அவன் வட்டிலுக்கு அள்ளிய ஒரு குழியைத் தவிர வேறு கை படவில்லை. அவன் நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் சிரித்த முகத்தோடு அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.